தொங்குபாலமும் ஒரு கதையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அச்சம் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பொருத்தமான ஆளைத்தான் தேர்ந்தீர்கள். வடகரையில் மலையடிவாரத்திலேயே வளர்ந்தும், உயரம் என்றால் எனக்கு உள்ளங்கால் கூசும். மொட்டைமாடியின் ஓரத்துக்குப் போகமாட்டேன்.

அப்படிப்பட்டவன் சென்ற ஆண்டு புனலூர்த் தொங்குபாலத்தில் நடந்தேன். செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கே இறங்கினால் புனலூர். அங்கே கல்லடையாற்றின் மேல் ஏறத்தாழ 400 அடி நீளத்துக்கு அப்பாலம் அமைந்துள்ளது. ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் 1872இல் பணியைத் தொடங்கி 1877இல் முடித்தார். 1880இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்நாளில் செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. 1904இல் மலைவழியே இருப்புப்பாதை வருமுன்னரே, கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாலம் அது. இன்று வண்டிகள் செல்லாத நினைவுச்சின்னம்.

மலைமுகட்டு உயரம் அன்று. ஆயினும் மரப்பலகைகளின் இடுக்கில் ஆறு தெரியும்போது, அஞ்சுகிறவனுக்கு அடிக்கணக்கு உதவுவதில்லை. உடன்வந்த பேத்தி, "கீழே பாக்காதீங்க தாத்தா" என்றாள். பாராமல் இருந்தபோது அச்சம் பெருகியதே தவிரக் குறையவில்லை. எனவே பார்த்தேன். பலகையைத் தாங்கும் கம்பியை, கம்பியைத் தாங்கும் சங்கிலியை, சங்கிலியைத் தாங்கும் கற்கோபுரத்தைப் பார்த்தேன். சங்கிலியின் முனைகள் கரையில் ஆழ்ந்த கிணறுகளுக்குள் பிணைக்கப்பட்டிருப்பதை எண்ணிக்கொண்டேன். கால் நடுங்கியது, எனினும் அக்கரை சேர்ந்தேன்.

அங்கே வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். பாலம் முடிந்தபின்னும் மக்கள் அதில் கால்வைக்க அஞ்சினார்களாம். ஹென்றி ஆறு யானைகளைப் பாலத்தின்மேல் நடக்கவிட்டு, தம் குடும்பத்தோடு அதன் கீழே படகில் இருந்தாராம்.

இது நிகழ்ந்ததா என்பதை வரலாற்றார் ஆராயட்டும். கவிஞர்களாகிய நாம் காணவேண்டியது வேறு. இரும்பின் வலிமையை எடுத்துச் சொன்னால் மக்கள் நம்பியிருப்பார்களா? கட்டியவன் தன் வேலையின் கீழே தன் பிள்ளைகளோடு இருந்தான் என்னும் செய்தியையே அவர்கள் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கிறார்கள். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடைமையில் வைத்தார் வள்ளுவர். அவ்வாறு அஞ்சுகிறவர்களை எள்ளாமல், அவர்கள் கேட்ட உறுதியைத் தந்த ஒருவனைப் பற்றியது இக்கதை.

பத்தாண்டுகளாக நாமும் சொல்லால் பாலம் கட்டிவருகிறோம். வாசகர் தயங்கினால் அவரைக் குறை கூறுகிறோம். நம் கவிதையின் கீழே நாம் இருக்கிறோமா என்று அவர் பார்க்கிறார். 'அஞ்சாதே' என்று எழுதுமுன், தான் அஞ்சியதை எழுதத் துணிகிறவனின் சொல்லில் அவர் கால்வைப்பார். அத்தகைய கவிதைகள் இனிவரும் ஆண்டுகளில் நம் வட்டத்திலிருந்து நிரம்ப வருக என வாழ்த்தி அமைகிறேன்.