கமக்காரரின் உமியும் துறைமுகத்துச் சீமெந்தும்

(திருகோணமலையில் கமக்காரரும் பொறியியலாளரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கட்டடத் தொழிலில் இன்று நடைபெறும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். வாயிலிலே எம்மைக் கண்ட முதிய கமக்காரர் ஒருவர், "சீமெந்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், தம்பி? மூடை விலை ஏறினால் வீடு பாதியில் நிற்கும், அவ்வளவுதானே?" என்று கேட்டார். அப் பெரியவருக்கு விடை கூறுவதே இன்று எமது வேலை எனக் கொள்கிறோம்.

சீனக்குடாப் பக்கம் சென்றவர்கள், அங்குள்ள சீமெந்து ஆலையை அறிவீர்கள். 1980களில் எழுந்த ஆலை அது. ஆயினும் அங்கே சூளை இல்லை என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? பிற நாட்டிலே வெந்து முடிந்த கரிய உருண்டைக் கற்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன. கிளிங்கர் என்பது அவற்றின் பெயர். அவற்றை அரைத்து, சேர்ப்பன சேர்த்து, மூடையில் இடுவதே இங்கு நடைபெறும் தொழில். காங்கேசன்துறையில் 1950இல் தோன்றிய ஆலையின் சூளை 1990இல் அவிந்தது. அது தனிக் கதை, நீங்கள் அறியாததன்று. இன்று இந் நாட்டிலே சுண்ணாம்புக்கல்லை வேகவைத்துக் கிளிங்கர் ஆக்கும் ஆலை புத்தளத்தில் மட்டுமே உண்டு.

ஆகவே எமது வீட்டுச் சுவரின் புகை பெரும்பாலும் வேறொரு நாட்டு வானில் ஏறுகின்றது. எவ்வளவு புகை? சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையிலிட்டால் எஞ்சும் சுண்ணாம்பு 56 கிலோ. மற்றைய 44 கிலோவும் கரியமில வாயுவாகி ஓடிவிடுகிறது. இது எரிபொருளின் புகை அன்று, கல்லினுள்ளே அடைபட்டுக் கிடந்த வாயு. எரிபொருளை மாற்றினாலும் இது போகாது. அதன்மேல் சூளையை 1,450 பாகை வரை கொதிக்க வைக்கும் எரிபொருளின் புகை வேறு. உலகத்து மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலினால் வருவது. வானம் எல்லோருக்கும் ஒன்றே. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் மழையிலே மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் மக்கள் இரவோடிரவாக ஓடினார்களே, வானம் முறை தவறினால் முதலில் நனைபவர் யார் என்பதை இந்த மாவட்டத்தாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கிளிங்கரைக் குறைப்பது எப்படி? இதுவே இன்று உலகெங்கும் பொறியியலாளரின் தலையாய ஆராய்ச்சி. சுவிற்சர்லாந்தின் லோசான், கியூபா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகிய இடங்களில் அறிஞர் கூடி, கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த சீமெந்தை ஆக்கியுள்ளனர். களிமண்ணுக்கு 700 முதல் 850 பாகை வெப்பமே போதும். இந்தியா 2023இல் இதற்குத் தர விதியும் வகுத்துவிட்டது. எம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் செங்கற்பொடி கலந்தது நினைவுக்கு வருகிறதன்றோ? அதே அறிவுதான்.

ஆனால் திருகோணமலைக்கு அதனினும் அண்மையில் ஒரு பொருள் கிடக்கிறது. அது உங்கள் உமி.

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அதை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். ஏக்கருக்கு 1,600 கிலோ விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு ஏக்கரின் சாம்பல் 64 கிலோ. அதாவது சீமெந்து மூடை ஒன்றினும் அதிகம். அந்தச் சாம்பலில் பெரும் பகுதி சிலிக்கா. சீமெந்து நீரோடு சேரும்போது சிறிது சுண்ணாம்பு வேலையின்றி மிஞ்சுகிறது. அதை இந்தச் சிலிக்கா பற்றிக்கொண்டு புதிய பசையாக மாறுகிறது. கொங்கிறீற்றின் நுண்துளைகள் அடைபடுகின்றன. உப்புக்காற்று உள்ளே புகுந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் வேகம் தணிகிறது. கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் வீடு கட்டிய எவருக்கும் இதன் அருமை தெரியும்.

ஆயினும் ஏமாற்று வார்த்தை பேச நாம் இங்கு வரவில்லை. எல்லாச் சாம்பலும் உதவாது. ஆலைக்குப் பின்னே குவித்துக் கொளுத்திய உமியின் சாம்பல் கரியதாக இருக்கும். அதில் வேகாத கரி நிற்கிறது. அது தண்ணீரைக் குடித்துச் சாந்தைக் கெடுக்கும். மிகுந்த வெப்பத்தில் எரிந்தாலோ சிலிக்கா பளிங்காகிச் செயலற்றுப் போகும். 500க்கும் 700க்கும் இடைப்பட்ட பாகையில் அடக்கி எரித்து, மாவாய் அரைத்த சாம்பலே சீமெந்தோடு சேரத்தக்கது. அதுவும் சீமெந்தில் பத்து முதல் இருபது பங்குக்கு மேல் அன்று. இன்னொன்று: சாம்பல் கலந்த கொங்கிறீற்று மெல்ல மெல்லவே வலுப்பெறும். மூன்றாம் நாளே ஈரச் சாக்கை அகற்றிப் பலகையைக் கழற்றும் ஒப்பந்தகாரர் கையில் அது நாசமாகும். இரண்டு கிழமை நனைத்து வைக்கும் பொறுமை வேண்டும்.

இங்கேதான் புதிய கருவிகள் துணைக்கு வருகின்றன. தீப்பெட்டியளவான உணர்கருவி ஒன்றைக் கொங்கிறீற்றினுள் புதைத்துவிட்டால், உள்வெப்பத்தை மணிக்கு மணி அது கைத்தொலைபேசிக்கு அறிவிக்கும். எத்தனை மணி நேரம், எத்தனை பாகை என்பதைக் கூட்டிப் பார்த்து, வலு எவ்வளவு வந்துள்ளது எனக் கணக்கிடலாம். இதுவரை எமது தொழிலில் நடப்பது யாது? ஐயம் வந்தால் "ஒரு மூடை கூட்டிப் போடு" என்பார் மேசன். பொறியியலாளரும் தலையசைப்பார். நாமும் அசைத்திருக்கிறோம். அந்த ஒரு மூடைக்கு வீட்டுக்காரர் பணம் தருகிறார். 2022இல் ஆயிரம் ரூபாவளவில் இருந்த மூடை மூவாயிரத்தை அண்டியபோது அந்தத் தலையசைப்பின் விலை என்னவென்று கணக்குப் பாருங்கள்.

இத்தகைய கருவியே குளக்கட்டினுள் ஊறும் நீரின் அழுத்தத்தையும் அளக்கும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையிலே கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை வாரிச் சென்றதை மறந்தார் இலர். கட்டினுள் நடப்பதைக் கட்டின்மேல் நடப்பவன் அறியான். அதை அறிவிக்கும் பொருள் இன்று கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. புதிய மண்டபம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

உமிக்கு வருவோம். நுரைச்சோலை அனல் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் இன்று கலப்புச் சீமெந்தில் சேர்கிறது. நல்லதே. கடல் கடந்து வந்த நிலக்கரியின் சாம்பலுக்குக் கிடைத்த அந்த மதிப்பு, இம் மண்ணில் விளைந்த நெல்லின் சாம்பலுக்கு ஏன் கிடைக்கவில்லை? சம்பூர் மக்கள் 2006இல் மண்ணிழந்து, ஏறத்தாழப் பத்தாண்டு அலைந்து திரும்பினர். அங்கே வரவிருந்த நிலக்கரி நிலையமும் 2016இல் கைவிடப்பட்டு, 2025இல் சூரிய மின் நிலையத்துக்கு அடி நாட்டப்பட்டது. நிலக்கரியின் காலம் குறுகுகிறது. ஆகவே அதன் சாம்பலும் குறையும். உமியோ பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வருவது. சீனக்குடாச் சீமெந்து ஆலையே உமியையும் கிளிரிசீடியா விறகையும் எரித்து மின்சாரம் உண்டாக்குகிறது. ஆகவே உமியும் சீமெந்தும் ஒரே மதிலுக்குள் ஏற்கெனவே சந்தித்துவிட்டன.

தடை எங்கே உள்ளது? கேள்விப்பத்திரத்தில் உள்ளது. பொதுவேலைகளின் கேள்விப்பத்திரம் சிலவேளை இன்ன வகைச் சீமெந்து, இத்தனை மூடை என்று கேட்கிறது. இத்தனை வலு, இத்தனை ஆண்டு ஆயுள் வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. வலுவைக் கேட்டால், அதை எப்பொருளால் கொடுப்பதென்று பொறியியலாளர் ஆராய்வர். மூடையைக் கேட்டால் மூடை வரும். பிரதேச சபை உறுப்பினர் உங்கள் வாக்கைக் கேட்டு வரும்போது இந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றியபின் உமிக்கு விலை பேசுங்கள். இன்று இலவசமாகத் தள்ளிவிடும் பொருளை நாளை எவரோ தரகர் அள்ளிச் சென்று உங்களுக்கே விற்கும் நிலை வரவேண்டாம்.

எம் பங்குக்கு ஒன்று கேட்கிறோம். வரும் பெரும்போகம் குற்றி முடிந்ததும், உங்கள் ஊர் ஆலையிலிருந்து ஒரு மூடைச் சாம்பல் கொண்டு வாருங்கள். எந்த வகை நெல், எவ்வாறு எரித்தது, எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதை ஒரு தாளில் எழுதி மூடையோடு கட்டுங்கள். கரிய சாம்பல் ஆயினும் வெட்கப்படாமல் கொண்டு வாருங்கள். எது உதவாது என்பதும் எமக்குத் தெரியவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தாரை அணுகி அவற்றைச் சோதிக்கக் கேட்பது எமது பொறுப்பு. சோதனைக் கட்டிகளை 28ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் உடைத்துப் பார்க்கவேண்டும். ஆதலால் சிறுபோக அறுவடைக் காலத்தில் இதே மண்டபத்தில் முடிவுகளோடு உங்களைச் சந்திப்போம்.