தோள் கொடுப்பதே தோழமை
(வெள்ளவத்தையில் நிகழ்த்திய உரை)



தோழமை என்னும் சொல் மேடைகளில் மலிந்துவிட்டது. அதன் பொருளை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இன்று ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் அன்று வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்தது. 1933ஆம் ஆண்டு அங்கே வேலைநிறுத்தம் மூண்டது. சிங்களவரும், மலையாளிகளும், பிற இந்தியத் தொழிலாளரும் அங்கே வேலை செய்தனர். கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராய் விளங்கிய ஏ. ஈ. குணசிங்கா எதிர்ப்புறம் நின்றார். மலையாளிகள்மீது வெறுப்பு மூட்டப்பட்டது. அவ்வேளையில், லண்டனிலிருந்து திரும்பிய இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா அத்தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். இந்தியரைக் கைவிட்டிருந்தால் அவருக்குக் கரகோஷம் கிடைத்திருக்கும். அவர் கைவிடவில்லை. தனக்கு ஆதாயம் இல்லாத இடத்திலும் பிறனுடைய உரிமைக்காக நிற்பது எதுவோ, அதுவே தோழமை.

ஆனால், அன்பர்களே, தோழமை ஒருமுறை ஈட்டி, என்றென்றும் செலவிடும் முதல் அன்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த அதே கொல்வின், 1972இல் அமைச்சராய் இருந்து ஆக்கிய அரசியலமைப்பில் சிங்களமே அரச மொழியாயிற்று. இதைச் சொல்லிப் பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் நம் முற்றத்தையும் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. அப்போது நம் தலைவர்களுள் ஒருவர் அவ்வரசிலே அமைச்சர்! எதிர்த்துப் பிரிந்தவர் திரு. செல்வநாயகம். அயலான் வீட்டுத் தீ என்று வாளாவிருந்தோர் கண்டதென்ன? ஏழே ஆண்டுகளில் அத்தீ நம் கூரையைத் தொட்டது. மலைநாட்டாரின் வாக்குகள் இருந்திருந்தால், 1956இல் பாராளுமன்றத்தில் நம் எதிர்ப்புக் குரல் அவ்வளவு மெலிந்திருக்குமா?

இனி, இன்றைய கணக்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் நடத்தும் கடைகளில் பொதி சுமப்பவர் யார்? பெரும்பாலும் மலைநாட்டு இளைஞர். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, அவர்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழித்து, முதலாளி 12 பங்கு சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தல் வேண்டும். எத்தனை கடைகளில் இது நடக்கிறது? இதைக் கேட்பதற்காக நான் சிலருடைய நட்பை இழந்திருக்கிறேன். இன்னும் இழக்கவும் சித்தமாயிருக்கிறேன்.

நமக்கு அநீதி செய்பவனிடம் நீதி கோருகிறோம், தக்கதே. நம் கல்லாப்பெட்டியருகே நிற்பவனுக்கு அந்நீதியை மறுத்துவிட்டு எந்த முகத்தோடு கோருவோம்? நாளைக் காலை கடை திறக்கும் அன்பர்கள் முதலில் சம்பளப் புத்தகத்தைத் திறவுங்கள். நம் தோழமை அந்த ஏட்டிலிருந்து தொடங்கட்டும்.