ரெண்டு குழாய், ஒரே தண்ணி

லண்டனோட பழைய பகுதிகள்ல மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாய்லதான் போகும். அந்த மாதிரி நகரங்கள் பல, ரெண்டையும் பிரிக்கணும்னு அரசாங்கத்துக்கிட்ட காசு கேட்குது. சென்னையில பேப்பர்ல எப்பவோ பிரிச்சாச்சு. மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தோடது. ஆனா நிறைய வீட்டுக் கழிவு நேரா மழைநீர் வடிகால்லதான் விழுது.

வடசென்னையில கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கு, 2022-ல ஆசிய வளர்ச்சி வங்கியோட 25.1 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. திட்டத்துல 588 கிலோமீட்டர் புது வடிகால். வெள்ளம் வடிய அது கட்டாயம் வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதுலயும் சாக்கடையை விட்டா? எண்ணூர் முகத்துவாரத்துக்கு இன்னும் வேகமா போய்ச் சேரும், அவ்ளோதான். அங்கேருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வடக்க பழவேற்காடு ஏரி வரைக்கும் போகுது.

அந்த ஏரியை நம்பித்தான் கோட்டைக்குப்பம் இருக்கு. அங்க 'பாடு'ன்னு ஒரு பழைய ஏற்பாடு. எந்த நாள், எந்த இடத்துல, யார் வலை போடறதுன்னு முறை வச்சுப் பிரிச்சுப்பாங்க. தண்ணிக்குள்ள கோடு போட முடியாது, ஆனாலும் கணக்கு தப்பாது. நம்ம தெருவுல எந்த வீட்டுக் குழாய் எந்த வடிகால்ல முடியுதுன்னு அப்படி ஒரு கணக்கு இருக்கா? அடுத்த தடவை நிதி கேட்கும்போது, கிலோமீட்டர் கணக்குக்குப் பக்கத்துலயே வீட்டு இணைப்புக் கணக்கையும் வைங்க.