திறந்த வீதியில் நடக்கத் தடை

யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே செல்லும் பலாலி வீதி, வசாவிளானுக்கு அப்பால் இராணுவத்தின் பிடியிலுள்ள நிலத்தை ஊடறுத்துப் போகிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தார்கள். பலாலி விமானத்தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. வீடு போயிற்று, தோட்டம் போயிற்று, கோயில் போயிற்று, வீதியும் போயிற்று.

2013இல் அந்த வலயத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர்கள் உறுதிகளோடு நீதிமன்றம் போனார்கள். வீதிக்கு உறுதி யாரிடம் இருக்கிறது? ஊரே நடந்த பாதைக்குத் தனியொரு சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் வீதியின் வழக்கு எப்போதும் பின்வரிசையில் நிற்கிறது.

போர் முடிந்தது 2009 மே மாதம். பலாலி வீதி திறந்தது 2025 ஏப்ரல் 10. அதுவும் எப்படி? காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். நடந்து போகக் கூடாது. வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது. திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. பயணிகள் பேருந்து தவிர வேறு கனரக வாகனம் வரக் கூடாது. இவைதாம் திறப்பின்போது விதிக்கப்பட்ட நிபந்தனைகள்.

விமான ஓடுபாதைக்குக் காவல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அந்த நிபந்தனைகளால், செம்மண்ணில் விளைந்த வெங்காயத்தை லொறியில் ஏற்றியவருக்குச் சுற்றுவழிதான் மிஞ்சியது. காணிக்காரர் தம் காணியைப் பேருந்து யன்னலால் பார்க்க முடிந்தது. இறங்கி மிதிக்க முடியவில்லை. கிடைத்தது ஊடறுத்துப் போக ஓர் அனுமதி, அவ்வளவே. வீதி என்றால் அதில் நிற்கவும் திரும்பவும் கிளை ஒழுங்கையில் இறங்கவும் முடிய வேண்டும்.

இராணுவ நிலத்து வீதிக்கும் எழுத்தில் விதி வைக்கலாம். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுக் கண்டோன்மென்ட் (படைக் குடியிருப்பு) சட்டம், 258ஆம் பிரிவில், பாதுகாப்புக் காரணமின்றி வீதியை நிரந்தரமாக மூட இடமளிப்பதில்லை. மூடுமுன் பொது அறிவித்தல் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்கச் சொல்கிறது. சட்டம் இருந்தும் செகந்திராபாத் கண்டோன்மென்டில் வீதிகளை அடைத்தார்கள் என்பது உண்மை. எனினும் அந்தப் பிரிவைக் காட்டிக் குடியிருப்போர் கேட்க முடிந்தது. 2018 மே மாதம் கண்டோன்மென்ட் வீதிகளைத் திறக்கும்படி பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட நேர்ந்தது. பலாலிக்கும் வேண்டியது அத்தகைய எழுத்துதான்: தடை ஏன், எத்தனை காலத்துக்கு, எதிர்த்து யாரிடம் முறையிடுவது என்று சொல்லும் எழுத்து.