மூன்றாம் நாளா, ஐந்தாம் நாளா?

வெள்ளகோவில் தறிப்பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, குழந்தை வரம் தேடி ஈரோட்டுக்கும் கோவைக்கும் பஸ் ஏறும் தம்பதிகளுக்கு இன்று ஒரு தகவல்.

சோதனைக்குழாய் முறையில், கரு உருவான 3-ஆம் நாள் அதைக் கருப்பையில் வைப்பதா, 5-ஆம் நாள் வைப்பதா? 3-ஆம் நாளில் கருவுக்குச் சுமார் 8 செல். 5-ஆம் நாளில் ஏறக்குறைய நூறு செல், நடுவே நீர் கோத்த சிறு பந்து. அதுவரை தாக்குப்பிடித்த கரு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லாக் கருவும் ஆய்வகத்தில் ஐந்து நாள் தாங்காது. இரண்டே கரு தேறியிருந்தால், காத்திருந்து ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி உறைய வைத்துக் காத்தது 8 செல் கருவைத்தான். அதிலிருந்து 1978-இல் பிறந்தவர்தான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை துர்கா. எனவே, 3-ஆம் நாள் என்றதும் மனம் தளராதீர்கள். எத்தனை கரு தேறியது, ஏன் இந்த நாள் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.