அக்கரைச் சீமையும் நம்மூரும்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டு நகர வாழ்க்கையையும் நம்மூர் வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். இலண்டன், நியூயார்க் கதை நமக்கு எதற்கு? நம் பிள்ளைகள் மூட்டை கட்டுவது சிங்கப்பூருக்குத்தானே! அதையே பேசுகிறேன்.

"அங்க போனா மூணு மடங்கு காசு சார்" என்கிறார்கள் நம் இளைஞர்கள். பொய்யில்லை. 1973 வரை அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் சரிசமம். இன்று அவர்களுடைய ஒரு வெள்ளி, நம் பணத்தில் மூன்றுக்கும் மேல். ஆனால் அங்கே தங்கினால் அறை வாடகையும் சாப்பாடும் அந்த வெள்ளியில்தான். வாடகைக்குப் பயந்து ஜொகூர் பாருவில் தங்கினாலோ, விடியுமுன் எழுந்து, 1924இல் திறந்த அந்தப் பாலத்தில் வரிசை பிடிக்க வேண்டும். தோட்டத்தில் பிரட்டுக்கு எழுந்த அதே நேரம்தான்! இரவு வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

அவர்களிடம் கற்க வேண்டியதும் உண்டு. 1960இல் வீடமைப்புக் கழகம் அமைத்தார்கள். 1968 முதல் சேமநிதிப் பணத்தில் அந்த வீடுகளை வாங்க விட்டார்கள். அதனால் அந்நாட்டுச் சாதாரணத் தொழிலாளிக்கும் அடுக்குமாடியில் 99 ஆண்டுக் குத்தகையில் ஒரு வீடு உண்டு. வேலை பெர்மிட்டில் போகும் நம் பிள்ளைக்கு அது கிடைக்காது.

நம் கதை என்ன? லயத்து வீடு நம்முடையதல்ல. வேலை போனால் வீடும் போச்சு. கித்தாத் தோட்டங்கள் கைமாறியபோது ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வெறுங்கையோடு போன குடும்பங்கள் எத்தனை! நமக்கும் 1951 முதல் ஊழியர் சேமநிதி இருக்கிறது. வீடு வாங்க அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். கார், கலர் டிவி அப்புறம். முதலில் ஒரு கூரை.

அங்கே தமிழ் ஆட்சிமொழி, பெருமைதான். ஆனால் அங்கிருந்த கடைசித் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று தமிழ் அங்கே ஒரு பாடம் மட்டுமே. இங்கோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. பிள்ளைகளை அனுப்பினால்தான் அவை நிலைக்கும்.

நம் காம்பாரையே பாருங்கள். 1985இல் ஈய விலை சரிந்து, லம்பங்கள் மூடி, ஊர் உறங்கியது. 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் வந்தது. இன்று வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே தேடி வருகிறார்கள். அந்த வாசலில் நம் பிள்ளையும் நுழைய வேண்டாமா?

போகாதே என்று நான் சொல்லவில்லை. வெறும் கையோடு போகாதே. வெல்டிங்கோ, மின்சார வேலையோ, தாதிமையோ, ஒரு சான்றிதழோடு போ. சம்பளத்தை எண்ணாதே, மிச்சத்தை எண்ணு. அந்த மிச்சத்தில் இங்கே ஒரு வீடு வாங்கு.

பெற்றோர்களே, சென்ற ஆண்டு பரிசு வாங்கிய ஒரு மாணவி, மேடையிலிருந்து கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டேன். "அப்பா வரேன்னாரு சார், லீவு கெடைக்கல போல" என்றாள். பாட்டிதான் வந்திருந்தார். மூன்று மடங்கு காசைக் கணக்குப் பார்க்கும்போது, இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.