வளைவுக்கு முன்னாலேயே பிரேக்: கார் பந்தய விளையாட்டில் புதியவர்களுக்குச் சில குறிப்புகள்

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவிப்புப் பலகையில் "வீடியோ கேம்" என்ற தலைப்பையும் அதன் கீழே என் பெயரையும் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. பி.காம். படித்துவிட்டு முப்பது வருடத்துக்கும் மேல் வங்கியில் கணக்கு எழுதியவனுக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. அது எப்படி என்று சற்று நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் எந்த மாதிரி விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கார், பைக் விளையாட்டுகள் இரண்டு வகை. ஒரு வகை, தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் பலரும் ஆடிய ரோட் ராஷ் மாதிரி. மோதி விழுந்தாலும் எழுந்து ஓடிப்போய் பைக்கில் ஏறிக்கொள்ளலாம். இன்னொரு வகை, நிஜக் காரின் எடை, டயரின் பிடிப்பு, சாலையின் சரிவு எல்லாவற்றையும் கணக்கிட்டு ஓடுவது. இதை சிமுலேட்டர் என்கிறார்கள். 1997-ல் ஜப்பானில் கசுனோரி யமாவுச்சி தலைமையிலான குழு வெளியிட்ட கிரான் டூரிஸ்மோ இந்த வகையை வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தது. அதன் ஏழாவது பதிப்பு 2022-ல் வந்தது, பிளேஸ்டேஷனில் ஓடும். கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு இத்தாலிக்காரர்கள் செய்த அசெட்டோ கோர்சா, அமெரிக்காவின் ஐரேசிங் போன்றவை இருக்கின்றன. நான் கிரான் டூரிஸ்மோ 7-ஐ வைத்தே பேசுகிறேன். காரணம், அதற்குள்ளேயே ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ஆனால் இன்று சொல்லப்போவது எல்லாமே மற்ற சிமுலேட்டர்களுக்கும் பொருந்தும்.

இனி குறிப்புகள்.

ஸ்டியரிங், பெடல் செட்டு என்று உடனே பணம் செலவழிக்காதீர்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரே ஆரம்பத்துக்குப் போதும். அதில் வலப்பக்கம் பின்னால் இருக்கும் ஆர்2 ஆக்சிலரேட்டர், இடப்பக்கம் எல்2 பிரேக். இவை லைட் சுவிட்ச் போல அல்ல. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் வேலை செய்யும். புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் முழுசாக அழுத்துவார்கள், முழுசாக விடுவார்கள். பாதி, கால் என்று அழுத்த விரலைப் பழக்குங்கள். முதல் வாரம் இதை மட்டும் கற்றுக்கொண்டாலே போதும்.

டிவியின் செட்டிங்கில் "கேம் மோட்" இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். படத்தை அழகுபடுத்துவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும், நீங்கள் திருப்பியதும் கார் திரும்பும். கேமராவை காருக்குப் பின்னால் வைக்காமல் பானெட் மேலே வைத்துக்கொண்டால் சாலையின் வளைவும் தூரமும் நன்றாகப் பிடிபடும். சிலருக்கு அப்படி வைத்தால் தலைசுற்றும். அவர்கள் பின்னால் இருந்து பார்க்கும்படியே வைத்துக்கொள்ளலாம்.

உதவிகள் என்று சில அமைப்புகள் இருக்கின்றன. ஏபிஎஸ்-ஐக் கண்டிப்பாக அணைக்காதீர்கள். சக்கரம் சுழன்று வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் ஆரம்பத்தில் இருக்கட்டும். எங்கே பிரேக் போட வேண்டும் என்று சாலையில் காட்டும் அடையாளத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தானாகவே பிரேக் போடும் உதவியை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை பிரேக் பழக்கம் உங்களுக்கு வரவே வராது. கைவண்டி பிடித்து நடக்கும் குழந்தை ஒரு நாள் அதை விட்டுத்தானே ஆக வேண்டும்?

கார் வாங்கும்போது ஃபெராரியின் மேல் ஆசை போகும். வேண்டாம். இந்த விளையாட்டு ஆரம்பத்தில் சின்ன, பழைய கார்களைத்தான் காட்டும். அதில் ஒன்று ஹோண்டா ஃபிட். நம் ஊரில் ஜாஸ் என்ற பெயரில் ஓடியதே, அதே வண்டி. வேகம் குறைந்த வண்டியில் என்ன நடக்கிறது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். அதேபோல ஒரே பாதையில் ஓட்டிப் பழகுங்கள். ஜப்பானின் சுகுபா பாதை இரண்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குப் பாதை 20 கிலோமீட்டருக்கு மேல், எழுபதுக்கும் அதிகமான வளைவுகள். பார்க்க ஆசையாக இருக்கும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இருப்புக் கணக்குக்கு வருகிறேன். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை நினைவில் வையுங்கள்.

காரையும் சாலையையும் இணைப்பது நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடம் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அந்த டயருக்கு ஒரு குறிப்பிட்ட பிடிப்புதான் உண்டு. அதை நூறு ரூபாய் இருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போடுவது ஒரு செலவு. திருப்புவது ஒரு செலவு. வேகம் எடுப்பதும் ஒரு செலவு. பிரேக்குக்கே நூறையும் கொடுத்துவிட்டால் திருப்புவதற்குக் கையில் பைசா கிடையாது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போய் மணலில் இறங்கும். செக் எழுதிவிட்டீர்கள், கணக்கில் பணம் இல்லை, செக் திரும்பிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் வளைவுக்கு முன்னாலேயே, சாலை நேராக இருக்கும்போதே, பிரேக்கை முடித்துவிட வேண்டும். பிறகு பிரேக்கை மெல்ல விட்டு, விட்ட அளவுக்குத் திருப்ப வேண்டும். வளைவைத் தாண்டி வண்டி நேராக ஆக ஆக, அதே அளவுக்கு ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டும். மெதுவாக நுழைந்து வேகமாக வெளியே வருவது என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதைத்தான். கேட்டால் எதிர்மாறாகத் தோன்றும். ஆனால் வெளியே வரும்போது கூடுதலாக இருக்கும் ஐந்து கிலோமீட்டர் வேகம், அடுத்த நேர்ப்பாதை முழுவதும் உங்களுடன் வரும். நுழையும்போது மிச்சம் பிடித்த வேகம் வளைவுக்குள்ளேயே கரைந்துவிடும்.

எந்த வழியாக வளைவது என்றும் கேட்பீர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவென்றால் பாதையின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள், நடுவில் வலது ஓரத்தைத் தொடுங்கள், மறுபடி இடது ஓரத்தில் வெளியே வாருங்கள். இப்படிப் போனால் குறுகிய வளைவும் அகன்றதாகிவிடும், டயரின் செலவு குறையும். பந்தயப் பாதையில் எதிரே வண்டி வராது என்பதால்தான் இது சரி. நம் தெருவில் இதைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

கார் சொன்னபடி திரும்பவில்லை என்றால் மேலும் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள், முன் டயருக்குப் பிடிப்பு திரும்பி வரும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இது புரியும். டிரைவர் பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்வோம், கிளப்பினால் பின்னால் சாய்வோம். காரின் எடையும் அப்படியே சாய்கிறது. எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த டயருக்குப் பிடிப்பு கூடும். பின்பக்கம் வழுக்கி வெளியே போனால், எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் பதறி பிரேக்கை மிதித்தால் கார் பம்பரமாகச் சுற்றும்.

கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்னால் போகிற வண்டியின் பம்பரைப் பார்க்காதீர்கள். அடுத்த வளைவைப் பாருங்கள். பாதை ஓரத்தில் 150, 100, 50 என்று பலகைகள் இருக்கும். "இந்தப் பலகை வந்ததும் பிரேக்" என்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, தினமும் அதே இடத்தில் போடுங்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாம். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, பாதை, கார், நேரம், என்ன மாற்றினேன் என்று ஒரு வரி. ஒரு நாளில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். இரண்டை மாற்றினால் எதனால் லாபம், எதனால் நஷ்டம் என்று தெரியாது.

விளையாட்டுக்குள் ஐந்து லைசென்ஸ்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பத்துத் தேர்வுகள். முதல் தேர்வே வண்டியைக் கிளப்பி, குறித்த இடத்துக்குள் நிறுத்துவதுதான். வெண்கலம் கிடைத்தாலே தேர்ச்சி. தங்கம் வரும்வரை ஒரே தேர்வில் மாட்டிக்கொண்டு கிடக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நம் வயதில் டயரைவிட இடுப்புதான் சீக்கிரம் தேயும்.

மற்றவர்களோடு ஆன்லைனில் ஓடும்போது முதல் வளைவில்தான் கூட்டமாக மோதிக்கொள்வார்கள். அங்கே வழக்கத்தைவிட முன்னதாக பிரேக் போடுங்கள். சுற்றி நின்றுவிட்டால், பிரேக்கைப் பிடித்தபடி எல்லாரும் போகும்வரை காத்திருந்து பிறகு கிளம்புங்கள். எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு மதிப்பெண் இருப்பதுபோல, எவ்வளவு நாகரிகமாக ஓட்டுகிறீர்கள் என்பதற்கும் இதில் தனி மதிப்பெண் உண்டு. அடுத்தவரை இடித்து முந்தினால் அது இறங்கும். இந்த இரண்டாவது மதிப்பெண் எனக்கு நிறையப் பிடிக்கும்.

என் பேரன் வேறு ஊரில் இருக்கிறான். போனில் பேசினால் "சாப்பிட்டியாப்பா?", "சாப்பிட்டேன் தாத்தா" என்பதோடு முடிந்துவிடும். இப்போது ஞாயிறு மாலை இருவரும் ஒரே பாதையில் ஓட்டுகிறோம். "தாத்தா, ரெண்டாவது வளைவுல சீக்கிரம் கேஸ் கொடுக்கிறீங்க" என்று அவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். பேச்சு அதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, நண்பர்களுக்குப் போகிறது.

கடைசியாக, இந்தத் தலைப்பைச் சொன்னதும் வளாகத்தில் இரண்டு மூன்று பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி. "இதை ஆடினால் பையன் ரோட்டிலும் வேகமாக ஓட்ட மாட்டானா, சார்?" நியாயமான கவலை. இந்த விளையாட்டிலிருந்து நிஜப் பந்தயத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2008-ல் தொடங்கிய ஒரு போட்டியில் வென்ற ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தார். 2011-ல் வென்ற பிரிட்டனின் ஜான் மார்டன்பரோவைப் பற்றி 2023-ல் சினிமாவே வந்தது. பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர்களை நேராகப் பந்தயத்தில் இறக்கிவிடவில்லை, நிஜக் காரில் முறையாகப் பயிற்சி கொடுத்த பிறகே இறக்கினார்கள் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளையாட்டில் பௌதிகம் நிஜம், வலி நிஜமில்லை. சுவரில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். ஆகவே பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். நேர்ப்பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு பலகை அருகே முழு பிரேக் போட்டு, எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். பிறகு 80-ல். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, 40-ல் சுமார் 9 மீட்டர் என்றால் 80-ல் சுமார் 35 மீட்டர். அதோடு, பார்த்துப் பதறி பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில் 40-ல் 11 மீட்டர், 80-ல் 22 மீட்டர் போய்விடுவோம். ஆக 20 மீட்டரில் நிற்கவேண்டியது 57 மீட்டர் ஆகிறது. மழை பெய்தால் இன்னும் கூடும்.

இப்போது நம் மெயின் கேட்டிலிருந்து குழந்தைகள் பூங்கா வரை உள்ள சாலையை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பந்து உருண்டு வரும், அதன் பின்னால் ஒரு குழந்தை ஓடி வரும். "மெதுவாப் போடா" என்று நாம் நூறு முறை சொன்னதை, திரையில் தானே ஓட்டிப் பார்த்து அளந்த பையன் ஒரே நாளில் புரிந்துகொள்வான். கணக்கில் எவ்வளவு இருப்பு என்று தெரிந்தவன் யோசித்துத்தான் செக் எழுதுவான்.

நம் நூலக அறையில் பெரிய டிவி இருக்கிறது. சங்கத்தின் அனுமதியோடு வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து வைக்கிறேன். பெரியவர்களும் வரலாம், பிள்ளைகளும் வரலாம். ஹோண்டா ஃபிட்டும் சுகுபா பாதையும்தான், வேறொன்றும் கிடையாது. மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.